உன் பாதத்தில் இருந்தது

உன் குப்பி இன்றைக்கும் மத்தியானம் இரண்டு மணிக்கு வெளுத்துவிட்டது.

சமையலறை ஜன்னல் கட்டையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். காலையில் தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். அதன் வழியாக எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்க்கலாம். வெயில் ஏறி ஜன்னல் கட்டை சுட ஆரம்பித்ததும் அடியிலிருந்து மெல்லப் புகை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் குப்பி முழுவதும் பால் வெள்ளை. சாயங்காலம் வீடு ஆறியதும் யாரும் தொடாமலே மறுபடி தெளிந்துவிடும். "சூடு ஏறினா துளிங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்டி, ஆறுனா பிரிஞ்சுடும். பேய் இல்ல, பயப்படாத"னு நீதான் சொல்லிக் கொடுத்தாய். காரணம் தெரிந்தும் அந்த நேரத்தில் எனக்குச் சமையலறையில் நிற்கப் பிடிப்பதில்லை. நீ போய் இரண்டு வருடமாகிறது. நீ மூடி வைத்த குப்பி இன்னும் நாள் தவறாமல் வெளுத்துத் தெளிகிறது.

இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸிங் ரூமுக்கு லீவு. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன்னைக் கொண்டுபோன கிருமி என்னிடமிருந்து உனக்கு வந்ததா? சில மாதங்களாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், இதோடுதான் படுக்கிறேன். நீ பதில் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோதே நேராகப் பதில் சொல்லாதவள் நீ.

கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு நான் நர்சிங் படிக்கப் போனேன், நீ மருந்தியல் படிக்கப் போனாய். இருபது வருடம் கழித்து ஒரு நாள் செங்கம் ரோட்டில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குள் வந்தாய். கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டு, மீதி நேரத்தில் ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேள்விப்பட்டிருந்தேன். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை நீ. "உன் காயங்கள எனக்குக் குடுடி" என்றாய்.

என்னிடம் காயங்களுக்கா பஞ்சம்? மலையைச் சுற்றி வருகிறவர்களின் பாதங்கள்தான் எங்கள் டிரஸ்ஸிங் ரூமின் பிழைப்பு. சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்கள் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு, கண்ணாடித் துண்டு ஏறியது தெரியாமல் ஊருக்குப் போய், சீழ் வைத்த பிறகு திரும்பி வருவார்கள். பாதிப் பேருக்கு எந்த மாத்திரையும் கேட்பதில்லை. டாக்டர் சம்மதித்தார். நோயாளிகளைக் கேட்டு, பஞ்சுக் குச்சியால் காயத்தைத் தொட்டு எடுத்து, மூடி போட்ட குழாயில் உனக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

நீ செய்துகொண்டிருந்ததை நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பெப்டைடு என்று ஒன்று. புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. தவளைத் தோலிலும் இருக்கிறது, நம் வேர்வையிலும் இருக்கிறது. கிருமியின் தோலை ஓட்டை போட்டுக் கொன்றுவிடும். மாத்திரைக்கு அடங்காத கிருமிகூட இதற்குச் சாகும். ஆனால் அதை அப்படியே காயத்தில் ஊற்றினால், வேலை செய்வதற்கு முன்னால் சீழ் அதைத் தின்றுவிடும். அதனால் அதை ஒளித்து அனுப்ப வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது. சோப்பு மாதிரி ஒன்றைச் சரியான அளவில் சேர்த்தால் கண்ணுக்கு எட்டாத துளிகளாகச் சேர்ந்துவிடும். அந்தத் துளிக்குள் பெப்டைடை உட்கார வைத்துவிடலாம். "வெள்ளையா இருந்தா துளி பெருசுனு அர்த்தம். தண்ணி மாதிரி தெரிஞ்சாதான் நான் ஜெயிச்சேன்" என்பாய்.

முதலில் உன் அப்பாவின் நிலத்து மல்லாட்டையை ஆட்டிய கடலை எண்ணெயை வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க முயன்றாய். ஒவ்வொரு தடவையும் மோர் மாதிரி திரிந்தது. "எங்கப்பா மாதிரியே. எவன்கூடவும் ஒத்துப்போகாது" என்று சிரித்துக்கொண்டே கீழே ஊற்றினாய். அப்புறம் வேறொரு லேசான எண்ணெய்க்கு மாறிய பிறகுதான் தெளிந்தது. தெளிந்த அன்றைக்கு, மருந்து போடாத ஒரு குப்பியை என் கையில் கொடுத்தாய். "இது வெறும் வண்டிடி, ஆள் ஏறல. வச்சுக்கோ."

ஒரு தடவை உன் லேபுக்கு வந்தேன். அதற்குப் பிறகு வரக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். நீ ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு கண்ணாடித் தட்டை எடுத்தாய். அதன் மேல் மஞ்சள் புள்ளிகள். மூடியில் உன் கையெழுத்தில், 'செங்கம் ரோடு பெரியவர், இடது பெருவிரல்'. அதிலிருந்து கொஞ்சம் சுரண்டிப் புதுத் தட்டில் கோடு இழுத்துக்கொண்டே, "இவருக்கு இன்னைக்குச் சாப்பாடு. மாசம் ஒரு தடவை போடணும், இல்லன்னா செத்துடுவாரு" என்றாய். அந்தப் பெரியவர் இறந்து எட்டு மாதமாகியிருந்தது. அவர் காரியத்துக்கு நானே போயிருந்தேன். அவருடைய விரலில் இருந்தது இங்கே பசியோடு இருக்கிறது, நீ அதற்குச் சோறு போடுகிறாய். "இதுக்கெல்லாம் திதி குடுக்க மாட்டியா?" என்று கிண்டலாகக் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "அவரு கிருமிய வச்சு அடுத்தவன் காலைக் காப்பாத்தினா அதுதான்டி திதி" என்றாய்.

இப்படிப்பட்ட நீதான் ஒரு வேண்டுதலை வைத்தாய். இதை நினைத்தால் இன்றைக்கும் உன் மேல் கோபம் வருகிறது. மருந்து ஏற்றிய குப்பி ஒரு வருடம் பிரியாமல், கலங்காமல் இருந்தால் மலையைச் சுற்றி வருவதாக வேண்டிக்கொண்டாய். இருந்தது. உனக்கும் சர்க்கரை இருக்கிறது, உன் பாதத்துக்கும் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். செருப்புப் போட்டுக்கொண்டு போ என்று தலைதலையாக அடித்துக்கொண்டேன். "செருப்பு போட்டுச் சுத்தினா அது வாக்கிங்டி" என்றாய். பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம் என்று, கல்லூரிக்கு லீவு கிடைத்த ஒரு சித்திரை மாதத்து நாளில் காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினாய். தார் ரோடு. ஊருக்குத்தான் உபதேசம்.

மறுநாள் பஞ்சுக் குச்சி போட்ட ஸ்வாப் குழாய்களை வாங்கிக்கொண்டு போக டிரஸ்ஸிங் ரூமுக்கு வந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, குழாய்களை எண்ணினாய். நான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து நாற்காலி வரை வெள்ளை டைல்ஸ் மேல் ஈரமான காலடிகள். மழை இல்லை, வாளி கவிழவில்லை, நீ கால் கழுவிக்கொண்டும் வரவில்லை. ஒவ்வொரு அடியிலும் ஐந்து விரலும் குதிகாலும் வரைந்து வைத்த மாதிரி தெரிந்தன.

"யாருடி தண்ணிய மிதிச்சது?" என்று நான் கேட்டேன்.

நீயும் குனிந்து பார்த்தாய். "எனக்கு முன்னாடி யாரோ வந்திருக்காங்க" என்றாய்.

யாரும் வரவில்லை. உன் காலைத் தூக்கிப் பார்த்தேன். பாதம் முழுவதும் கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. உனக்கு ஒன்றும் தெரியவில்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். "கொஞ்சம் மெத்துனு இருக்கு" என்றாய். எத்தனையோ பாதங்களைப் பார்த்தவள் நான். அன்றைக்கு ரிஜிஸ்டரில் பேர்கூட எழுதாமல் கட்டுத் துணியை எடுத்தேன்.

நான்தான் கட்டுப் போட்டேன், தினமும், மூன்று வாரம். வேறு யாரையும் தொடவிடவில்லை. கையுறை போட்டேன். முகக்கவசமும் போட்டேன், ஆனால் கரண்ட் போய் ஃபேன் நின்ற நேரங்களில் அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருப்பேன். அப்போது நான் புதிதாக மூக்குத்தி குத்தியிருந்தேன். அது ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தது. நீ படுத்தபடியே என்னைக் கேலி செய்தாய். "மூக்குத்தியத் தொடாம உனக்கு ஒரு வேலையும் ஓடாதா? அந்தக் கையோடயே என் காலையும் தொடு, எனக்கும் மாப்பிள்ளை வரட்டும்."

தொட்டேனா? தொட்டுவிட்டுக் கையுறையை மாற்றினேனா? எத்தனை முறை யோசித்தாலும் அந்த இடத்தில் நினைவு வெறும் வெள்ளையாக இருக்கிறது.

இரண்டாவது வாரம் வலது பாதத்தில் ஒரு புண் மட்டும் கறுத்தது. உன் காயத்தை நீயே ஸ்வாப் எடுத்துக்கொண்டாய். போகும்போது இன்னொரு பஞ்சுக் குச்சியை என் மூக்குக்குள் விட்டுச் சுற்றி எடுத்தாய். எதற்கு என்றேன். "சும்மா, ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு." நாலு நாள் கழித்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர்கிட்ட சொல்லி மூக்குக்குள்ள போடற களிம்பு வாங்கிக்கோ. அஞ்சு நாள், விடாம. மூக்குத்தியக் கழட்டி வெந்நீர்ல கொதிக்க வை" என்றாய். ஏன் என்று கேட்டேன். "பனிக்கு மூக்கு காயுது உனக்கு" என்றாய். அப்போது கத்திரி வெயில். எனக்கு உன் காலைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இரண்டு நாள் போட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

அந்த வாரமே ஒரு கண்ணாடித் தட்டையும் எடுத்து வந்தாய். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாய். மஞ்சளாகப் படர்ந்திருந்த கிருமிக்கு நடுவில், உன் மருந்து விழுந்த இடத்தில் மட்டும் வட்டமாகத் தெளிவு. அந்த வட்டத்துக்குள் ஒரு புள்ளிகூட இல்லை.

"பாரு. என் கால்ல இருக்கறதுதான். செத்துப்போச்சு" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அப்போ கால்ல ஊத்துடி. இப்பவே ஊத்து. நான் ஊத்தறேன்."

"தட்டுல சாகறது வேற, கால்ல சாகறது வேற. சதைய அரிக்குமான்னு இன்னும் பாக்கல. ரத்தத்துல கலந்தா என்னாகும்னு தெரியாது."

"உன் காலு போயிடும்டி. டாக்டர் எலும்பு வரைக்கும் போயிடுச்சோன்னு பயப்படறாரு. உனக்கு உன் காலை விடப் பரிசோதனை பெருசா?"

"நான் போட்டுக்கிட்டுப் பொழச்சா அது நிரூபணம் இல்ல. செத்தா அதுவும் நிரூபணம் இல்ல. அப்புறம் எதுக்கு?" என்று தட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாய்.

நான் காலில் விழாத குறை. அழுதேன், திட்டினேன். நீ அசையவில்லை. உன் மேசையிலிருந்து ஒரு குப்பியைத் திருடிக்கொண்டு வந்து உனக்குத் தெரியாமல் ஊற்றிவிடலாம் என்றுகூட நினைத்தேன். செய்யவில்லை. செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னொரு கேள்வி. அதை உன்னிடம் கேட்கப்போவதில்லை.

பிறகு நடந்தது எல்லாம் வேகம். காய்ச்சல், நடுக்கம். வேலூருக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அதற்கு முன்பே அது ரத்தத்துக்குள் போய்விட்டிருந்தது. கடைசியாக நீ என்னிடம் பேசியது, "கால் அரிக்குதுடி, கொஞ்சம் சொறிஞ்சு விடு" என்றுதான். அங்கே கால் இல்லை. நான் வெறும் போர்வையைச் சொறிந்தேன். "இப்ப சரியாப்போச்சு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். பல வருடம் உணர்ச்சி குறைந்து கிடந்த கால் இல்லாமல் போன பிறகுதான் உனக்கு அதில் உணர்ச்சி வந்தது.

சில மாதங்களுக்கு முன்னால் கலைவாணி மேடம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். உன்னோடு அதே லேபில் வேலை பார்த்தவர். உன் வேலையை இப்போது அவர்தான் தொடர்கிறார். கையில் உன் நோட்டுப் புத்தகம். வந்ததும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

"தொடர்ச்சியா நாலு நாள் லீவுங்க. ஃப்ரீஸர் நின்னுடுச்சு. எல்லாம் உருகித் தண்ணியா நின்னுச்சு. மேடம் எழுதி ஒட்டின பேரெல்லாம் கரைஞ்சுபோச்சு. எது யாருதுன்னு தெரியாததால மொத்தத்தையும் ஆவியில வேகவச்சு அழிச்சுட்டாங்க. மேடத்தோட கால்ல இருந்து எடுத்ததும் அதுல போயிடுச்சு."

செங்கம் ரோட்டுப் பெரியவரும் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அது இல்லாம அடுத்த கட்டம் நகராதுங்க. கிட்டத்தட்ட எந்த மருந்துக்கும் அடங்காதது அது ஒண்ணுதான். வேற எங்கயாச்சும் இருக்கான்னு நோட்டு முழுக்கத் தேடினேன்" என்று ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

உன் கையெழுத்து. இடது பக்கம் 'என் கால்' என்று எழுதியிருந்தாய். வலது பக்கம் 'அவள் மூக்கு'. இரண்டுக்கும் கீழே மருந்துகளின் பட்டியல். எது கொன்றது, எது கொல்லவில்லை. ஒரு வரிகூட மாறவில்லை. நடுவில் இரண்டு அம்பு போட்டிருந்தாய். ஒன்று மூக்கிலிருந்து காலுக்கு. இன்னொன்று காலிலிருந்து மூக்குக்கு. இரண்டின் மேலும் கேள்விக்குறி. அடியில், 'யாரிடமிருந்து யாருக்கு என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னால் காயத்தைத் தொட மாட்டாள்.'

கலைவாணி மேடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் காதில் விழவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் அவர் என்ன கேட்கிறார் என்று புரிந்தது. அவர் கையில் ஒரு பஞ்சுக் குச்சி இருந்தது.

"ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இருக்காதுங்க. இருந்தாலும் ஒரு தடவை பாத்துடலாம்."

இருந்தது.

மூன்றாம் நாள் நானே லேபுக்குப் போனேன். வர மாட்டேன் என்று முடிவு செய்திருந்த அதே லேப். தட்டில் மஞ்சள் புள்ளிகள் எழும்பியிருந்தன. பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எல்லாம் அதேதான். உன்னைக் கொன்றது, உன் உடம்பில் இருந்ததில் இந்த உலகத்தில் உயிரோடு மிச்சம் இருந்த ஒன்று, இத்தனை நாள் என்னோடு சாப்பிட்டு, என்னோடு தூங்கி, என் மூச்சுக்குள் இருந்திருக்கிறது. உன் படத்துக்கு மாலை போட்டபோதும் இருந்தது. எனக்கு வாந்தி வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தட்டைக் கையில் வாங்கியதும் கீழே வைக்க மனசு வரவில்லை.

உன் மருந்தின் ஒரு துளியை அதன் மேல் விட்டார்கள். மறுநாள் வட்டம் விழுந்திருந்தது. இப்போது மருந்து சதையை அரிக்குமா என்று பார்க்கிற கட்டத்துக்கு வந்திருக்கிறார்களாம்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "இந்த வேலையில நிறைய பேர் மூக்குல இருக்கும்மா. உன்னாலதான்னு யாரால சொல்ல முடியும்? சுத்தமாகுற வரைக்கும் டிரஸ்ஸிங் பண்ணாத" என்றார். இரண்டு வருடத்தில் நான் தொட்ட பாதங்களை எல்லாம் யோசித்தேன். ரிஜிஸ்டரை எடுத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அடங்காமல் போனவை சில இருந்தன. யாருடையது எங்கிருந்து வந்தது என்று அதிலும் அம்புக்குறி இல்லை. மூக்குத்தியைக் கழற்றிவிட்டேன். ஐந்து நாளும் ஒரு வேளை தவறாமல் களிம்பு போட்டேன். ஸ்வாப் எடுத்தார்கள். சுத்தம். இரண்டாவது தடவையும் சுத்தம். அன்றைக்குச் சாயங்காலம் நீ இரண்டாவது முறை செத்துப்போன மாதிரி இருந்தது. யாரிடம் சொல்லி அழுவது? ஒரு கிருமிக்காக அழுகிறாள் என்றால் சிரிக்க மாட்டார்களா?

அப்புறம் வேலைக்குத் திரும்பினேன். முகக்கவசம் கழுத்துக்கு இறங்குவதே இல்லை, கரண்ட் போனாலும்.

முந்தாநாள் கலைவாணி மேடம் போன் செய்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்று எடுத்த ஸ்வாப். "திரும்ப வந்துடுச்சுங்க" என்றார். தொண்டையில் ஒளிந்திருக்கலாம், தோல் மடிப்பில் இருந்திருக்கலாம், அப்படித்தான் சில பேருக்குத் திரும்பும், மறுபடி ஐந்து நாள் போடணும், சுத்தமாகும் வரை நீ டிரஸ்ஸிங்கைத் தொடாதே என்றார் டாக்டர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர்களிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். திரும்ப வந்துவிட்டது என்று கேட்டதும் முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

இத்தனை நாள் எனக்குள் எங்கே இருந்தாய்?

அம்பு எந்தப் பக்கம் போனது என்று நீ எழுதி வைக்கவில்லை. எனக்குத் தெரியப்போவதும் இல்லை. தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன். அது எனக்கு விதித்தது. களிம்புக் குழாய் மேசை மேல் இருக்கிறது. நாளைக் காலையில் ஆரம்பித்துவிடுவேன், ஒரு வேளைகூடத் தவற மாட்டேன், சத்தியம். டிரஸ்ஸிங் ரூமில் பாதங்கள் காத்திருக்கின்றன. இன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக இருக்கிறேன். யாரையும் தொடவில்லை, யாரும் வரப்போவதும் இல்லை. இன்றைக்கு ஒரு நாள் இருந்துவிட்டுப் போ.